கூட்டாளிக்குச் சோறு

சோற்றுக்குக் காவல் போட்ட காலம் அது. வயலுக்குக் காவல் போடுவார்கள், களஞ்சியத்துக்குப் போடுவார்கள். வெந்த சோற்றுக்குத் துப்பாக்கி பிடித்த ஆள் நிற்பதை மலாயாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் அப்போதுதான் பார்த்தார்கள். லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி வேலி, அதில் ஒரே ஒரு கேட்டு. காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களை அங்கே வரிசையில் நிறுத்தி, கூடையைக் கவிழ்த்து, முந்தானையை உதறச் சொல்லி, மடியைத் தடவிப் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. போனால் அது காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளின் வயிற்றுக்குத்தான் போகும் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. மத்தியானச் சோறு இல்லாமல் சரிவில் நின்று கொழுந்து கிள்ளுகிறவளின் வயிறு அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்தக் கேட்டில்தான் செல்லத்தின் மகள் சாரதா பிடிபட்டாள்.

எட்டு வயதுப் பிள்ளை. பாடம் சொல்லித்தந்த வாத்தியார் கலவரத்துக்குப் பயந்து மலையிறங்கிப் போனதிலிருந்து பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அதனால் அம்மாவோடு மலைக்குப் போய், தன் உயரத்துக்கு எட்டிய கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போடுவாள். அன்றைக்குச் சோதனை போடும் பெண் அவளைத் தொடவே இல்லை. சாரதாதான் நடக்கும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அதைக் கண்டு அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டுப் பாவாடையின் சுருக்கை அவிழ்த்தபோது எலுமிச்சை அளவில் இறுக்கிப் பிடித்த சோற்று உருண்டை ஒன்று தரையில் விழுந்தது. நடுவில் ஒரு துண்டுக் கருவாடுகூட வைத்திருந்தாள்.

நேற்று ராத்திரி மகள் தட்டில் சோற்றை ஒதுக்கி வைத்தபோது, பிள்ளைக்குப் பசிக்கவில்லையாக்கும் என்று நினைத்தவள் செல்லம்.

தோட்டத்து ஆபீசில் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பழனியப்பன். மதராஸில் படித்து, கப்பலேறி வந்து, போலீஸ் வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியாத ஆள். தேயிலைத் தூள் ஒட்டிய தலையோடு சாரதாவின் அப்பா இருளப்பனையும் தொழிற்சாலையிலிருந்து கூட்டிவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

“இந்த உணவை யாருக்காக எடுத்துச் சென்றாய், பாப்பா?” என்றார் பழனியப்பன்.

அவர் ஏதோ வேற்றுப் பாஷை பேசியதுபோல் சாரதா அம்மாவைப் பார்த்தாள். வாசலில் நின்ற, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராமசாமி, “சோறு யாருக்குன்னு கேக்குறாரு, சொல்லு தாயி” என்றார்.

“கூட்டாளிக்கு” என்றாள் சாரதா.

அறையில் வேறு யாரும் அந்தச் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழனியப்பனுடைய பேனா மட்டும் நின்றது. தோட்டத்தில் கூட்டாளி என்றால் கூட விளையாடுகிறவள், மிட்டாயைக் காக்காய்க் கடி கடித்துப் பாதி தருகிறவள். லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் பேசப் பழகியதும் கற்றுக்கொள்கிற சொல் அது. பட்டணத்தில் அதே சொல்லுக்குச் சகவாசம் வேறு. அங்கே திருடனுக்குக் கூட்டாளி, கொள்ளைக்காரனுக்குக் கூட்டாளி. பத்திரிகையில் அந்தச் சொல் வந்தால் அடுத்த வரியில் விலங்கு வரும். பழனியப்பன் அதை இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கூட்டாளியின் பெயர் என்ன?”

“சீனி.”

“சீனனா?”

“சீனி” என்றாள் சாரதா மறுபடியும், பொறுமையாக.

“எங்கே இருக்கிறான்?”

“மலையில. ஒளிஞ்சிருக்கு.”

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அந்தப் பிள்ளையின் வாய் அவளுடைய அப்பனை ரிங்லெட் டவுன் லாக்கப் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அடுத்த கேள்வி வருவதற்குள் இருளப்பன் முன்னால் வந்துவிட்டான். “புள்ளைக்கு ஒன்னும் தெரியாதுங்கய்யா. சோத்த கட்டிவுட்டது நான்தான்.” அவனுக்கும் ஒன்றும் தெரியாது. யாரையாவது பிடித்துப் போகத்தான் போகிறார்கள், அது தானாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டான். விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றும்போது அவன் செல்லத்தைத் திரும்பிப் பார்த்து, “புள்ளைய அடிச்சிராத” என்றான்.

ஜீப் போன பிறகுதான் கிராணி ராமசாமி விஷயத்தை உடைத்தார். “உன் மக சொன்னது ஒன்னு, அவரு வெள்ளக்காரனுக்குச் சொன்னது ஒன்னும்மா. காட்டுக்குள்ள இருக்குறவனுக்கு ஒத்தாசை பண்ற குடும்பம்னு ஆயிப்போச்சு.”

“அப்ப நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா கிராணி ஐயா? சின்னப் புள்ளைங்க வெளையாட்டுன்னு?”

“யாரு அந்தச் சீனி? கீழ கீரைத் தோட்டம் போட்டிருந்தானே, அவன் மகதானே?” கிராணி குரலைத் தாழ்த்தினார். “அவ அப்பன் காட்டுக்குள்ள போயிட்டான்னு பேச்சு இருக்கு. ஆடு பகை, குட்டி உறவான்னு கேப்பான். யாருக்குப் போனாலும் சோறு போனா போனதுதான்லா. நாளைக்கு மலைய அலசப் போறானுங்க. ஒன்னும் அகப்படலேன்னா, சாட்சி இல்லேன்னு இருளப்பன விட்டுருவானுங்க. அகப்பட்டுச்சு, ரெண்டு வருசம் உள்ள. அப்புறம் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிருவான். நீயும் புள்ளையும் இங்க, அவன் அங்க.”

செல்லம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளையை அடிக்கவில்லை. அவள் கேட்கக் கேட்க, சாரதா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

லயத்துக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கீரைத் தோட்டத்துப் பிள்ளையின் உண்மைப் பெயர் சியூ யின். சாரதாவின் வாயில் அது சீனி ஆனது. வேலிக் கேட்டுக்குக் காவல் வருவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளும் ஓடையே கதி என்று கிடந்தார்கள். இவளுக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘கூட்டாளி’. அதையும் ‘கூத்தாலி’ என்பாள். இரண்டு பேரும் ஆடியது கண்ணாமூச்சி. கண்டுபிடிக்கப்பட்டவள் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பட்டாளத்து லோரிகள் வந்த காலையிலும் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். சீனி ஒளிந்துகொண்டாள். சாரதா கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குள் சங்கு ஊதி, எல்லோரையும் லயத்துக்குள் விரட்டிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கீழே கீரைத் தோட்டத்துக் குடும்பங்களைச் சட்டி பானையோடு லோரியில் ஏற்றி, ரிங்லெட்டில் கட்டியிருந்த கம்பி வேலிக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார்கள். குடிசைகளைக் கொளுத்தினார்கள். அதைச் செல்லமும் மேலேயிருந்து பார்த்தாள். சீனியின் அம்மா லோரியிலிருந்து குதிக்கப் பார்த்ததையும், இரண்டு சிப்பாய்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்ததையும், அவள் கை மலைப் பக்கமே நீண்டிருந்ததையும் பார்த்தாள். பாவம், வீடு எரிவதற்கு அழுகிறாள் என்று அப்போது நினைத்தாள்.

“கேட்ட தொறந்ததும் நான் போய்ப் பாத்தேம்மா. பழைய உரக் கொட்டகையில சாக்குக்குள்ள இருந்துச்சு. வீடு எரிஞ்சதப் பாத்துருச்சு. துப்பாக்கிக்காரங்கள பாத்தா ஒன்னுக்குப் போயிருது. தெனமும் நாந்தான் சோறு கொண்டுபோய்க் குடுத்தேன். கையக் காட்டி வெளிய வராதன்னேன். நான் வந்து கண்டேன்னு சொன்னாத்தான் வரணும்னு சொல்லிட்டேன்.”

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னா ஆட்டம் முடிஞ்சிரும்ல” என்றாள் சாரதா.

செல்லம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். கொழுந்துக் கூடையை மலையில் விட்டுவிட்டதாகவும், ஒரே ஓட்டமாகப் போய் எடுத்து வந்துவிடுவதாகவும் காவல் நின்ற மாத்தா போலீஸ்காரனிடம் கெஞ்சினாள். அவன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, துப்பாக்கியைத் தோள் மாற்றிப் போட்டான். வேலிக்கு அப்பால் பனி இறங்கி, உரக் கொட்டகை இருந்த சரிவே தெரியவில்லை. அங்கே ஒரு குழந்தை சோற்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குச் சோறு வராது என்று அதற்கு யார் சொல்வது. கூப்பிட்டுச் சொன்னாலும் எந்தப் பாஷையில் சொல்வது.

திரும்பி வந்தவள், மகளை எதிரே உட்கார வைத்தாள். இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் அம்மாவாக மட்டுமே தன்னால் இருக்க முடியும் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். அப்படி ஒரு முடிவைக் கேட்ட காலத்தைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும்.

“இனிமே யாரு கேட்டாலும் என்ன சொல்லணும்?”

“என்னம்மா?”

“தெரியாது. அவ்வளவுதான். சீனியத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியாதுன்னு சொல்லு. தெரியும்னு சொன்னா அப்பா வீட்டுக்கு வரமாட்டாரு. அந்த வார்த்தையையும் சொல்லக் கூடாது.”

“எந்த வார்த்த?”

செல்லத்துக்கு அதைச் சொல்ல நா வரவில்லை. சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்காவது கேட்டுவிடும் என்று பயந்தாள். “நீ ஆபீசுல சொன்னியே, அது” என்றாள். பிறகு விளக்கு வைக்கும் வரைக்கும் ‘சீனியத் தெரியுமா’, ‘தெரியாது’, ‘சீனியத் தெரியுமா’, ‘தெரியாது’ என்று, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தாள். கடைசியில் பிள்ளை அழாமல் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

மறுநாள் யாரையும் வேலைக்கு விடவில்லை. சிப்பாய்கள் வரிசை கட்டித் தேயிலைக்குள் இறங்குவதை லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். செல்லம் வீட்டுக்குள் மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று, ஒன்றும் அகப்படக் கூடாது தாயே, ஒன்றும் அகப்படக் கூடாது என்று வேண்டினாள். பாதி வேண்டுதலில் அது என்ன வேண்டுதல் என்று அவளுக்கே உறைத்தது. அகப்படாவிட்டால் அந்தப் பிள்ளை சாக்குக்குள்ளேயே கிடந்து சாகும். அகப்பட்டுவிடட்டும் என்று வேண்டவும் மனம் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடியே, எதையும் கேட்காமல் நின்றாள்.

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வரவேண்டும் என்று சங்கு ஊதியது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் அந்தத் திடலில் லயத்து ஜனம் முழுவதும் நனைந்துகொண்டு நின்றது. ஒரு கூர்க்கா சிப்பாய் எதையோ தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். உரச் சாக்கில் சுற்றியிருந்ததால் மூட்டை என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவன் அதைப் பதமாக இறக்கி நிறுத்தினான். கால்கள் குச்சியாக இருந்தன, அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்தது. முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

நின்றதும் சீனி முதலில் செய்த காரியம், இரண்டு கைகளையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டதுதான். சரணடைகிற கம்யூனிஸ்ட்டுகளும் அப்படித்தான் வைப்பார்கள். வெள்ளைக்கார அதிகாரியின் முகம் இறுகியது. இவ்வளவு சின்னதுக்கே பழக்கிவிட்டிருக்கிறார்களே என்று அவர் நினைத்திருப்பார். கூர்க்கா மட்டும் அந்தக் கைகளை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டான்.

பழனியப்பன் முன்னால் வந்தார். “இந்தப் பிள்ளையை யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள். இவளுடைய வீட்டாரிடம் சேர்த்துவிடலாம். யாரும் சொல்லாவிட்டால், காட்டுக்காரர்களின் பிள்ளை என்று கீழே தாப்பா ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து எந்த முகாமுக்கோ, எந்தக் கப்பலுக்கோ.”

கீரை வாங்கிய வீடுகள் அத்தனையும் அங்கே இருந்தன. அந்தப் பிள்ளையைத் தெரியாதவர்கள் அந்தத் திடலில் வெள்ளைக்காரரும் பழனியப்பனும் சிப்பாய்களும் மட்டும்தான். இருந்தாலும் எல்லோரும் தங்கள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சீனியின் கண் கூட்டத்தில் அலைந்து, செல்லத்தின் பக்கத்தில் இருந்த சாரதாவிடம் நின்றது. முகம் மலர்ந்தது. அந்த முகத்தில் மலர்வதற்கு இன்னும் ஏதோ இருந்திருக்கிறது. கையை நீட்டி, “கூத்தாலி” என்றாள்.

பழனியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். நீட்டிய கையைப் பார்த்தார், சாரதாவைப் பார்த்தார், மறுபடியும் அந்தக் குச்சிக் கால்களைப் பார்த்தார். தான் நேற்று எழுதிய சொல் எந்த இடத்தில் தடம் மாறியது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நல்ல மனிதர், சகதியில் முட்டி போட்டு சாரதாவின் உயரத்துக்கு வந்தார்.

“பயப்படாதே, பாப்பா. தவறு என்னுடையது. இவள் உன்னுடைய சிநேகிதியா?”

சிநேகிதி என்ற சொல்லை சாரதா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவள் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். செல்லம் ஒரு தலையசைப்பில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம். அவளுடைய தலை அசையவில்லை. ஒன்றும் அகப்படாவிட்டால்தான் விடுவான் என்ற கிராணியின் பேச்சு காதிலேயே நின்றது. மகளின் கையைப் பிடித்திருந்த அவளுடைய கை தானாக இறுகியது.

“தெரியாது” என்றாள் சாரதா.

“நன்றாகப் பார்த்துச் சொல்லம்மா.”

“தெரியாது” என்றாள் மறுபடியும், வாய்ப்பாடு மாதிரி, அழாமல்.

சீனி அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றாள். லோரியில் ஏற்றியபோதுகூட, இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்பதுபோல் எட்டிப் பார்த்தாள். லோரி திரும்பி மறையும் நேரத்தில்தான் அவள் கத்துவது கேட்டது. அதே ஒரு சொல்தான்.

கிராணி பயந்தபடி நடக்கவில்லை, இருளப்பனை விட்டுவிட்டார்கள். பழனியப்பன்தான் சொல்லைத் திருத்தி எழுதினார், அது பிள்ளைப் பேச்சு, குற்றமில்லை என்று அதிகாரியிடம் மன்றாடினார் என்று பிற்பாடு தெரிந்தது. அப்படியானால் அன்றைக்குத் திடலில் உண்மையைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்களோ? விட்டிருப்பார்கள், விட்டிருக்க மாட்டார்கள் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசிச் செல்லம் தன்னைத்தானே தின்றுகொண்டாள்.

புருஷனைக் கூட்டிவர சாரதாவோடு ரிங்லெட்டுக்குப் போனாள். ஸ்டேஷன் வாசலில் இருளப்பன் உடம்பு பாதியாக நின்றான். கட்டிக்கொண்டு அழ வெட்கமாக இருந்ததால் அவன் சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். போகிற பாதையில் ஒரு மாத்தா கூடவே வந்தான். பஸ் ஏறும் வரைக்கும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

“அந்தச் சீனப் புள்ள என்னாச்சு?” என்றான் இருளப்பன்.

“பேசாம வாங்க” என்றாள் செல்லம்.

பாதை அந்தப் புதுக் குடியிருப்பின் வேலியை ஒட்டித்தான் போனது. உள்ளே வரிசை வரிசையாகப் பலகை வீடுகள். வேலியோரமாக ஒரு பெண், வருகிற போகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லத்தைக் கண்டதும் ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள். முள் குத்தியது அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை. ஓடைக்கரையில் கீரைக்கட்டை நீட்டிவிட்டு, காசு அப்புறம் கொடு என்று கை ஆட்டுகிறவள், சீனியின் அம்மா.

“அனாக் சாயா” என்றாள். மலாயில், என் பிள்ளை. சாரதாவைக் காட்டி, அந்த உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினாள். “அனாக் சாயா. அடா நம்பா?” என் பிள்ளையைப் பார்த்தாயா?

தாப்பா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தத் தாய் அதைப் பிடித்துக்கொண்டு எந்த அதிகாரி காலிலாவது விழுவாள். செல்லத்துக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் வந்த மாத்தா நின்று, இவர்களுக்குள் என்ன பேச்சு என்று பார்த்தான். இருளப்பனின் மணிக்கட்டில் விலங்கு அறுத்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

“தா தாவு” என்றாள் செல்லம். தெரியாது.

அவளுடைய காதுக்கே அது மகளின் குரல்போல் கேட்டது. தலைகுனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்து திரும்பிப் பார்த்தாள். சாரதா வேலிக்கு நேராகவே நின்றுவிட்டிருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற சீனியின் அம்மாவைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.